கை பேச்சு கேக்க மாட்டேங்குதும்மா

(நமது கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் குழு ஊக்குநர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். பிள்ளையின் நலன் கருதி ஊர், பெயர் சேர்க்கவில்லை. கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்களுக்காக இதை உங்கள் குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறோம். – ஆசிரியர் குழு)

 

எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. குழுவில் வரவு செலவு வாசித்துத்தான் பழக்கம். போன கூட்டத்தில் ஒரு அக்கா தன் மகனைப் பற்றிச் சொல்லி அழுதாங்க. "சோறு திங்கத் தெரியுது, ஒரு சட்டைப் பொத்தான் போடத் தெரியல, எழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கு, அடிச்சு அடிச்சு என் கைதான் வலிக்குது" என்று சொன்னாங்க. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. ஏன்னா, அதே மாதிரி அடிச்சவ நான். அதனால்தான் இன்றைக்கு நானே பேசுகிறேன் என்று கேட்டு வாங்கினேன்.

நான் செய்த தப்பு

என் மகன் எட்டு மாசத்திலேயே பிறந்தவன். எடை ஒண்ணே முக்கால் கிலோ. தவழ்றது, நடக்கிறது எல்லாமே கொஞ்சம் தாமதம். "குறைமாசத்துப் பிள்ளை, போகப் போகச் சரியாயிடும்" என்று எல்லாரும் சொன்னாங்க. நடந்தான், பேசினான். பேச்சு நல்ல பேச்சு. ஒரு கதையைக் கேட்டால் அப்படியே திருப்பிச் சொல்வான். ஆனால் கைவேலை எதுவும் வராது. தட்டில் பாதி, தரையில் பாதி. செருப்பைக் கால் மாத்திப் போடுவான். நிலைக்கதவில் இடித்துக்கொள்வான். சும்மா இருக்கிற தரையில் விழுவான்.

இரண்டாம் வகுப்பு வந்ததும் பள்ளிக்கூடத்திலிருந்து புகார். வாயால் கேட்டால் பதில் சொல்கிறான், எழுதச் சொன்னால் எழுதுவதில்லை, சோம்பேறி என்று. ஒருநாள் வீட்டுப்பாடம் எழுத உட்கார வைத்தேன். ஒரு மணி நேரத்தில் நாலு வரி. அதுவும் கோட்டுக்கு மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம். கையில் கரண்டி வைத்திருந்தேன். காம்பாலேயே புறங்கையில் ஒன்று போட்டேன். அவன் அழுதுகொண்டே சொன்னான்: "நான் சொல்றேன்மா, கை பேச்சு கேக்க மாட்டேங்குதும்மா."

எதிர்த்துப் பேசுகிறான் என்று இன்னொரு அடி போட்டேன்.

பிள்ளை உண்மையைச் சொன்னான். டாக்டர் பின்னால் சொன்னதை அவன் ஏழு வயசிலேயே சொல்லிவிட்டான். எனக்குத்தான் கேட்கத் தெரியல.

அதற்கப்புறம் என்ன செய்தேன்? தாயத்து கட்டினேன். எண்ணெய் தேய்த்தேன். ஞாபக சக்தி டானிக் வாங்கினேன். குழுவில் 5,000 ரூபாய் உள்கடன் எடுத்தேன். பிறகு டவுனில் ஒரு தனியார் இடத்தில், மூளையைச் சுறுசுறுப்பாக்குகிறோம் என்று சொன்னார்கள் என்று இன்னொரு 12,000 எடுத்துக் கட்டினேன். தீர்மான நோட்டில் "கல்விச் செலவு" என்று என் கையாலேயே எழுதினேன். பூ கட்டிக் கட்டி அந்தக் கடனை அடைத்தேன். பிள்ளைக்கு ஒரு பொத்தான்கூடப் போட வரல.

நாலாம் வகுப்பு படிக்கும்போது பள்ளிக்கூடத்துக்கு அரசு மருத்துவக் குழு வந்தது. அந்த டாக்டர் அம்மா அவனை நொண்டி அடிக்கச் சொன்னாங்க. பந்து போட்டுப் பிடிக்கச் சொன்னாங்க. சட்டைப் பொத்தானைக் கழற்றி மாட்டச் சொன்னாங்க. பிறகு என்னைக் கூப்பிட்டு விட்டு, மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தாங்க. அங்கே கண், காது, தசை, நரம்பு எல்லாம் பார்த்தார்கள். பிள்ளை பிறந்த கதையையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்கள். கடைசியில், "உங்க பையன் சோம்பேறி இல்லம்மா. மந்தமும் இல்ல. இது ஒரு வளர்ச்சிப் பிரச்சினை" என்று சொன்னார்கள். எனக்கு ஆன செலவு பஸ் காசு மட்டும்தான்.

இது என்ன பிரச்சினை?

இதற்கு டாக்டர்கள் வைத்த பெயர் வளர்ச்சிசார் இயக்க ஒருங்கிணைப்புக் குறைபாடு. சுருக்கமாக டி.சி.டி. என்பார்கள். டிஸ்பிராக்சியா என்றும் சொல்வதுண்டு. பெயர் நமக்கு முக்கியம் இல்லை. நமக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன்.

இங்கே பாதிப் பேர் பூ கட்டுகிறவர்கள். நிலக்கோட்டை மார்க்கெட்டிலிருந்து பூ வந்தால், நாம் டி.வி. பார்த்துக்கொண்டே, பக்கத்து வீட்டு அக்காவோடு பேசிக்கொண்டே கட்டுகிறோம். கண் பூவைப் பார்ப்பதே இல்லை. இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம், நாரைச் சுற்றி, விரலில் வளையம் போட்டு, ஒரு இழுப்பு. விரல் தானாகச் செய்கிறது. ஆனால் பூ கட்டக் கத்துக்கிட்ட முதல் நாளை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு விரலையும் பார்த்துப் பார்த்து வைத்தோம். நார் நழுவியது, பூ கொட்டியது, நாலு பூ கட்டுவதற்குள் கழுத்து வலித்தது. அப்போது யாராவது பேச்சுக் கொடுத்திருந்தால் பதில் சொல்லியிருக்க முடியுமா?

பத்து நாளில் நம் மூளை அந்த வேலையைக் கைக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டது. இந்தப் பிள்ளைகளுக்கு அது சீக்கிரம் நடப்பதில்லை. பொத்தான் போடுவது, எழுதுவது, பந்து பிடிப்பது எல்லாமே அவர்களுக்கு ரொம்ப நாளைக்கு அந்த முதல் நாளாகவே இருக்கிறது. கையில் பலம் உண்டு, புத்தியும் உண்டு. மூளை போடுகிற திட்டம் கைக்குப் போய்ச் சேருவதில்தான் தடுமாற்றம். எழுதுவதிலேயே முழுக் கவனமும் போய்விடுவதால், என்ன எழுத வந்தோம் என்பது மறந்துவிடும். பார்க்கிற நமக்கு அது சோம்பேறித்தனமாகத் தெரிகிறது. உண்மையில் மற்ற பிள்ளையைவிட இரண்டு மடங்கு உழைத்துக் களைத்துப்போன பிள்ளை அது.

பள்ளிக்கூடம் போகிற வயதுப் பிள்ளைகளில் 100 பேருக்கு 5, 6 பேருக்கு இது இருக்கிறது. 40 பேர் உள்ள வகுப்பு என்றால் இரண்டு பேராவது இருப்பார்கள். ஆண் பிள்ளைகளிடம் அதிகம் கண்டுபிடிக்கிறார்கள். அதற்காகப் பெண் பிள்ளைகளுக்கு இல்லை என்று இல்லை. பெண் பிள்ளைக்கு வந்தால் நாம் வேறு பெயர் வைத்துவிடுகிறோம். கோலம் கோணல், பின்னல் போட வரல, குடம் தூக்கினால் தண்ணி சிந்துது, "போற வீட்டில் என்ன பேர் வாங்கப் போறாளோ" என்று திட்டுகிறோம். டாக்டரிடம் கூட்டிப்போக நமக்குத் தோன்றுவதே இல்லை.

எதனால் வருகிறது?

இதுதான் காரணம் என்று ஒன்றை மட்டும் சொல்ல முடியாது. குறைமாதத்தில் பிறந்த, எடை குறைவாகப் பிறந்த பிள்ளைகளுக்கு அதிகம் வருகிறது. சில குடும்பங்களில் அப்பாவுக்கோ மாமாவுக்கோ இதே மாதிரி இருந்திருக்கும். நிறைமாதத்தில் நல்லபடியாகப் பிறந்த பிள்ளைக்கும் வரலாம்.

தாய் சரியாகச் சாப்பாடு ஊட்டாததால் வருவதில்லை. செல்லம் கொடுத்ததால் வருவதில்லை. கண்ணேறும் இல்லை, தோஷமும் இல்லை. அடித்தால் போகாது. இதைத் தீர்க்கிற மருந்தோ டானிக்கோ கிடையாது. யாராவது விற்றால் வாங்காதீர்கள், நான் வாங்கிய பாடம் ஒன்று போதும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

ஏதோ ஒன்றை மட்டும் பார்த்து முடிவு கட்டக்கூடாது. எல்லாப் பிள்ளைகளும் விழும், சிந்தும். கீழே சொல்வதில் பல இருக்க வேண்டும். வீட்டிலும் பள்ளியிலும் இருக்க வேண்டும். நாலு நாள் இருந்து போவதாக இல்லாமல் தொடர்ந்து இருக்க வேண்டும். அன்றாட வேலைக்கு இடைஞ்சலாக இருக்க வேண்டும். அப்படியென்றால் காட்ட வேண்டும்.

பால்வாடிப் பருவத்தில்: மற்ற பிள்ளைகளைவிட அடிக்கடி விழுவது. படி ஏறி இறங்கப் பயப்படுவது. தம்ளரைப் பிடித்துக் குடிக்கையில் மேலே கொட்டிக்கொள்வது. கிரேயான் பிடிக்க மறுப்பது.

5 முதல் 8 வயதில்: பொத்தான், ஜிப், செருப்பு வார் போட முடியாமல் தவிப்பது. பாண்டி ஆட்டத்தில் ஒற்றைக்காலில் நிற்க முடியாதது. பந்து வந்தால் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வது. பென்சிலை முனை ஒடிகிற அளவு அழுத்திப் பிடிப்பது. எழுத்து ஒழுங்கில்லாமல், ரொம்ப மெதுவாக எழுதுவது.

9 வயதுக்கு மேல்: கரும்பலகையைப் பார்த்து எழுதி முடிப்பதற்குள் பாடம் அழிந்துவிடுவது. ஸ்கேல் வைத்துக் கோடு போட, காம்பஸில் வட்டம் போட முடியாதது. சைக்கிள் வராதது. விளையாட்டு பீரியட் உள்ள நாளில் வயிற்று வலி என்று சொல்வது. "எனக்கு எதுவும் வராது" என்று சொல்ல ஆரம்பிப்பது. இந்தக் கடைசி இரண்டையும் நன்றாகக் கவனியுங்கள். அப்போது கஷ்டம் கையிலிருந்து மனசுக்குப் போய்விட்டது என்று அர்த்தம்.

பொதுவாக 5 வயசுக்கு முன்னால் டி.சி.டி. என்று டாக்டர்கள் உறுதியாகச் சொல்ல மாட்டார்கள். அதற்காக 5 வயசு வரை காத்திருக்கக் கூடாது. 9 மாசத்தில் பிடிமானம் இல்லாமல் உட்காரவில்லை, ஒன்றரை வயசில் நடக்கவில்லை என்றால் அப்போதே காட்டிவிடுங்கள்.

உடனே ஆஸ்பத்திரி போக வேண்டிய அடையாளங்கள்

இவை டி.சி.டி. இல்லை. வேறு நோயாக இருக்கலாம். ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

1. முன்னே நன்றாகச் செய்த வேலையை இப்போது செய்ய முடியாமல் போவது. ஓடிய பிள்ளை ஓட முடியாமல், படி ஏறிய பிள்ளை ஏற முடியாமல் ஆவது.

2. தரையிலிருந்து எழும்போது தொடையில் கையை ஊன்றி ஊன்றி எழுவது, கெண்டைக்கால் சதை பெருத்துத் தெரிவது.

3. ஒரு பக்கக் கையோ காலோ மட்டும் பலம் குறைந்திருப்பது, விறைப்பாக இருப்பது. ஒரு வயசு ஆவதற்கு முன்பே ஒரு கையை மட்டுமே பயன்படுத்துவது.

4. திடீரென்று தள்ளாட்டம் வருவது. அதோடு தலைவலி, வாந்தி, வலிப்பு இருப்பது. தலையில் அடிபட்ட பிறகு மாற்றம் தெரிவது.

கண் பார்வையையும் சோதிக்கச் சொல்லுங்கள். பார்வைக் கோளாறு உள்ள பிள்ளையும் இடித்துக்கொள்ளும், எழுத்தும் கோணும். அதற்குக் கண்ணாடி போதும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

எந்த வேலை வரவில்லையோ, அந்த வேலையையே சின்னச் சின்னப் படியாகப் பிரித்துப் பழக்க வேண்டும். கடலை உரிக்க வைத்தால் பொத்தான் போட வந்துவிடாது. கடலை உரித்தால் கடலை உரிக்க வரும். பொத்தான் வர வேண்டும் என்றால் பொத்தானைத்தான் பழக வேண்டும். தினம் 10 நிமிஷம், 15 நிமிஷம் போதும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார வைத்து உயிரை எடுப்பதில் பிரயோஜனம் இல்லை.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த அம்மா எனக்கு நாலு கேள்வி சொல்லிக் கொடுத்தாங்க. கனடா நாட்டில் உருவான முறையாம். எந்த வேலைக்கும் பிள்ளையிடம் இதைக் கேட்க வேண்டும். பதிலைப் பிள்ளைதான் சொல்ல வேண்டும்.

என்ன செய்யணும்? எப்படிச் செய்யலாம்? செஞ்சு பாரு. சரியா வந்துச்சா?

சட்டைப் பொத்தானை வைத்து அவனிடம் கேட்டாங்க. "என்ன செய்யணும்?" "பொத்தான் போடணும்." "எங்க மாட்டுது?" அவன் யோசித்துவிட்டு, "மேல் பொத்தான் என் கண்ணுக்குத் தெரியல" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூணு வருஷமாக மேலிருந்து போடச் சொல்லித்தான் நான் அடித்திருக்கிறேன். "அப்ப எப்படிச் செய்யலாம்?" "கீழே இருந்து போட்டா தெரியும்" என்றான். முதலில் சட்டையைப் பாயில் விரித்து வைத்துப் பழகினோம். பிறகு பெரிய பொத்தான் வைத்த என் பழைய ஜாக்கெட்டில் பழகினோம். பொத்தானைத் துளையில் பாதி நான் நுழைத்துவிடுவேன், கடைசி இழுப்பு மட்டும் அவன். பிறகு பாதியும் அவன். 11-வது நாள் பள்ளிக்கூடச் சட்டைக்கு எல்லாப் பொத்தானும் அவனே போட்டான், கீழிருந்து மேலாக. அன்றைக்கு நான் பூவைப் போட்டுவிட்டு உட்கார்ந்து அழுதேன்.

இதே மாதிரி வேறு சில வழிகள்:

செருப்பு: இரண்டு செருப்பிலும் உள்பக்க ஓரத்தில் நகப்பூச்சால் ஒரு புள்ளி வையுங்கள். புள்ளியும் புள்ளியும் பக்கத்தில் வந்தால் கால் சரி.

சாப்பாடு: விளிம்பு உயர்ந்த தட்டு கொடுங்கள். தட்டுக்கு அடியில் ஈரத்துணி போட்டால் நகராது. தம்ளரில் பாதி மட்டும் ஊற்றுங்கள்.

எழுத்து: காலும் முதுகும் ஆடாமல் உட்கார வேண்டும். தொடையில் நோட்டு வைத்து எழுதச் சொல்லாதீர்கள். மணைப்பலகையாவது போட்டு அதன்மேல் வைக்கச் சொல்லுங்கள். பென்சிலில் விரல் பிடிக்கிற இடத்தில் ரப்பர் பேண்ட் சுற்றினால் வழுக்காது. முதலில் தரையில் சாக்பீஸால் பெரிதாக, பிறகு நாலு கோட்டு நோட்டில். ஒரு பக்கம் கிறுக்குவதைவிட மூணு வரி ஒழுங்காக எழுதினால் போதும்.

தண்ணீர்: என் மகனுக்குக் குடம் இடுப்பில் நிற்காது. அவனே, "மூடி போட்ட கேன் ரெண்டு குடும்மா" என்று கேட்டான். குடத்தில் தூக்கினால்தான் தண்ணியா? கேனில் வந்தால் ஆகாதா?

எல்லா வேலையையும் நாமே செய்து கொடுத்துவிடுவதும் தப்பு. வேலை கொடுங்கள், ஆனால் நேரம் கொடுங்கள். காலையில் பஸ்ஸுக்கு ஓடுகிற நேரத்தில் பொத்தான் பழக்காதீர்கள். அடுப்பு, அரிவாள்மனை, கிணற்றடி, ரோட்டைக் கடப்பது, இந்த நாலிலும் மட்டும் கூடுதல் கவனமாகப் பக்கத்தில் நில்லுங்கள்.

பள்ளிக்கூடத்தில் என்ன கேட்கலாம்?

சண்டைக்குப் போகாதீர்கள். ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துக்கொண்டு போங்கள். மூன்று விஷயம் மட்டும் கேளுங்கள். ஒன்று, முன் வரிசையில் உட்கார வைக்கச் சொல்லுங்கள். இரண்டு, எழுதுவதற்குக் கூடுதல் நேரம் கொடுத்து, முடிந்த இடத்தில் வாயால் கேட்கச் சொல்லுங்கள். மூன்று, எல்லார் முன்னாலும் எழுத்தைக் காட்டிக் கேலி செய்ய வேண்டாம் என்று கேளுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் விஷயம் தெரிந்தால் உதவத்தான் செய்கிறார்கள். என்னை மாதிரியே அவர்களுக்கும் தெரியாமல் இருந்திருக்கும்.

பிள்ளையை அடிப்பதை 2009-ம் ஆண்டு வந்த கல்வி உரிமைச் சட்டம் தடை செய்திருக்கிறது. பள்ளிக்கூடத்துக்குத்தான் அந்தச் சட்டம். வீட்டில் நம் கைக்கு நாம்தான் சட்டம் போட்டுக்கொள்ள வேண்டும்.

எங்கே போவது?

2013-ல் தொடங்கிய தேசிய குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தில் அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் மருத்துவக் குழு வருகிறது. 18 வயது வரை பார்ப்பார்கள். குழு வரும் நாளில் பிள்ளையை லீவு போட வைக்காதீர்கள். நீங்களும் போய் நின்று, வீட்டில் கவனித்ததைச் சொல்லுங்கள். அவர்கள் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்புவார்கள். அங்கே குழந்தை டாக்டர், இயன்முறை மருத்துவர் எல்லாரும் ஒரே இடத்தில் பார்ப்பார்கள். இலவசம்.

வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். உங்கள் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் கேட்டால் வழி சொல்வார். சென்னை பக்கம் போகிறவர்களுக்கு, முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது.

2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடு என்ற பிரிவுக்குள் டிஸ்பிராக்சியாவையும் சேர்த்திருக்கிறார்கள். மருத்துவக் குழு சோதித்துச் சான்று கொடுத்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்கு விண்ணப்பிக்கலாம். எல்லாருக்கும் கிடைத்துவிடும் என்று சொல்ல மாட்டேன், கஷ்டத்தின் அளவைப் பொறுத்தது. ஆனால் பத்தாம் வகுப்பு வந்தபிறகு ஓடாதீர்கள். முன்னாடியே கேட்டு வையுங்கள். என் மகன் பத்தாவது எழுதும்போது கூடுதல் நேரம் கிடைத்தது. எழுத்து இன்றைக்கும் கோணல்தான். ஆனால் எழுதி முடித்தான், பாஸ் ஆனான்.

நம் குழு என்ன செய்யலாம்?

உள்கடன் கேட்டு யாராவது "பிள்ளை மருத்துவம்" என்று சொன்னால், கொடுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "அரசு ஆஸ்பத்திரியில் காட்டினாயா?" என்னிடம் அன்றைக்கு யாராவது அதைக் கேட்டிருந்தால் 17,000 ரூபாய் மிச்சம். இரண்டு வருஷமும் மிச்சம். ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போகப் பயப்படுகிற தாயோடு ஒருத்தி துணைக்குப் போங்கள். என்னோடு என் குழு அக்கா ஒருத்தர் ஒருநாள் பூ வருமானத்தை விட்டுவிட்டு வந்தாங்க. அதை நான் மறக்கவே மாட்டேன்.

கடைசியாக ஒன்று சொல்லி முடிக்கிறேன்.

என் மகன் சைக்கிள் கற்றுக்கொண்டது 14 வயதில். கடைக்காரரிடம் சொல்லிப் பெடலைக் கழற்றி, சீட்டைத் தாழ்த்தி, இரண்டு காலாலும் தரையைத் தள்ளித் தள்ளி முதலில் நிலை பழகினான். பிறகுதான் பெடல் மாட்டினோம். இப்போது பதினோராம் வகுப்பு. பள்ளியில் அரசு சைக்கிள் கொடுத்தார்கள். மற்ற பிள்ளைகள் அன்றைக்கே ஏறி வந்தார்கள். இவன் வீடு வரை தள்ளிக்கொண்டு வந்தான். புது வண்டி, உயரம் வேறு. ஐந்தாவது நாள் ஓட்டிக்கொண்டு போனான்.

அடித்ததை அவன் மறந்திருப்பான் என்றுதான் நினைத்திருந்தேன். போன மாசம் என் தங்கை வீட்டில் அவள் சின்ன மகன் பால் தம்ளரைத் தட்டிவிட்டான். தங்கை கையை ஓங்கினாள். என் மகன் எழுந்து போய் நடுவில் நின்றான். "அடிக்காதீங்க சித்தி, அவன் வேணும்னு செய்யல" என்றான். அதைச் சொல்லும்போது அவன் தன் புறங்கையைத் தடவிக்கொண்டான். அவன் மறக்கல.

அதனால்தான் கேட்கிறேன். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் உங்கள் பிள்ளை "எனக்கு வரல" என்று சொன்னால், கையை ஓங்குவதற்கு முன்னால், "எங்க மாட்டுது?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

உறுப்பினர்கள் கேட்டவை

கேள்வி: என் பேத்தி இடது கையால் எழுதுறா. அடிச்சு வலது கைக்கு மாத்தணுமா?

பதில்: வேண்டாம் அக்கா. இடது கைப் பழக்கம் குறை இல்லை. மாற்றப் போனால் உள்ள எழுத்தும் கெடும். நோட்டைக் கொஞ்சம் சாய்த்து வைக்கச் சொல்லுங்கள், போதும்.

கேள்வி: வயசு ஆக ஆகத் தானா சரியாயிடுமா?

பதில்: முழுசாகப் போய்விடும் என்று நம்பி உட்காரக்கூடாது. பாதிப் பேருக்கு மேல் பெரியவர்களான பிறகும் கொஞ்சம் இருக்கும். ஆனால் பழக்கினால் தேவையான வேலைகளைக் கற்றுக்கொள்வார்கள். வராததற்கு வேறு வழி கண்டுபிடிப்பார்கள்.

கேள்வி: எனக்கு 38 வயசு. இன்னிக்கு வரைக்கும் பூ கட்ட வராது. கோலமும் வராது. கல்யாணமாகி வந்த நாள்லேருந்து இதைச் சொல்லித்தான் திட்டு. எனக்கும் அப்படி இருந்திருக்குமோ?

பதில்: இருந்திருக்கலாம் அக்கா. டாக்டர்தான் சொல்ல முடியும். ஆனால் நம் குழுவில் கணக்கு நோட்டு ஒரு பைசா தப்பாமல் எழுதுவது நீங்கள்தான். அது எங்கள் யாருக்கும் வராது. (கைதட்டல்)

கூட்டத்தில் எடுத்த முடிவுகள்

1. ஒவ்வொரு குழுவும் அடுத்த கூட்டத்தில் இந்த உரையை வாசித்து, கவனிக்க வேண்டிய பிள்ளைகள் உள்ள தாய்மாருடன் தனியாகப் பேசுவது. பிள்ளையின் பெயரைக் கூட்டத்தில் சொல்லக் கூடாது.

2. பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் மருத்துவக் குழு வரும் தேதியை ஊராட்சிப் பொறுப்பாளர் முன்கூட்டியே கேட்டு எல்லாக் குழுக்களுக்கும் தெரிவிப்பது.

3. மாவட்ட மருத்துவமனைக்குப் போகும் தாய்க்குத் துணையாக ஒரு உறுப்பினர் செல்வது. பஸ் கட்டணம் இல்லாதவருக்குக் குழுவின் பொது நிதியிலிருந்து கொடுப்பது.